ரோம் இஞ்ஞாசியார் கோயில் குவிமாடம்: கலையா, கண்கட்டு வேலையா?

பிப்ரவரி 8, ஒரு வாசகரின் கேள்வி

ரோமுக்குப் போய்வந்தேன். புனித இஞ்ஞாசியார் கோயிலில் குவிமாடம் என்று எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது வெறும் படம். கேன்வாஸில் வரைந்து மேலே மாட்டி ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பக்கத்து மடத்துத் துறவிகள் தங்கள் நூலகத்துக்கு வெளிச்சம் வராமல் போய்விடும் என்று தகராறு செய்ததால் நிஜக் குவிமாடம் கட்டவில்லை என்று வழிகாட்டி சொன்னார். அடுத்த தெருவில் இன்னொருவர், பணம் தீர்ந்துபோனதால்தான் என்றார். எப்படியானாலும் இது ஏமாற்று வேலைதானே? இதைப் போய் பரோக் கலையின் (17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி) உச்சம் என்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

பிப்ரவரி 8, இரவு

படம் என்பது உண்மை. ஆண்ட்ரியா பொஸ்ஸோ 1685-இல் வரைந்தது, சுமார் 17 மீட்டர் அகலம். ஏமாற்று என்பதில்தான் எனக்கு வழக்கு. ஏமாற்ற நினைக்கிறவன், "இங்கே நின்றால்தான் ஏமாறுவாய், இரண்டு எட்டு தள்ளிப் போனால் குட்டு உடைந்துவிடும்" என்று தரையில் வட்டக்கல் பதித்துக் காட்டிக்கொடுப்பானா? அந்தக் கல்லைப் பார்த்தீர்களா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

பணம் பற்றிச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்த இடத்தில் முன்பே ஒரு சின்னக் கோயில் இருந்தது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1551-இல் தொடங்கிய ரோமன் கல்லூரிக்கான கோயில் அது. மாணவர் தொகை 2000-ஐத் தாண்டியதும் அது போதவில்லை. 1622-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி இஞ்ஞாசியாருக்கும் சவேரியாருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்தார். அவருடைய உறவுப் பிள்ளை கர்தினால் லுதோவிகோ லுதோவிசி இதே கல்லூரியில் படித்தவர். புதுப் புனிதருக்குப் பெரிய கோயில் கட்ட நான் பணம் தருகிறேன் என்று அவர் முன்வந்து, 1626-இல் அடிக்கல் விழுந்தது. 1632-இல் அவர் இறந்துவிட்டார். அதன்பிறகு பணம் முன்புபோல வரவில்லை. 1650 யூபிலி என்ற புனித ஆண்டில் வழிபாட்டுக்குத் திறந்தபோது குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் குவிமாடம் இல்லை. அப்படியே 35 வருடம் ஓடியது. நம் ஊரில் மொட்டைக் கோபுரம் நிற்காத இடமா, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

அந்த நூலகக் கதைக்கு வருகிறேன், நேற்று தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பது, முன்பு தோமினிக்கன் சபையிடம் இருந்த கசனத்தேன்சே நூலகம். அது திறந்தது 1701-இல். பொஸ்ஸோவின் படம் மேலே ஏறியது 1685-இல். அதாவது இன்னும் திறக்காத நூலகத்தின் வெளிச்சத்துக்காக 16 வருடம் முன்பே குவிமாடத்தைத் தியாகம் செய்திருக்கிறார்கள்! மடத்துக்காரர்கள் பொதுவாக முணுமுணுத்திருக்கலாம், அக்கம்பக்கம் என்றால் அதெல்லாம் இருக்கும். ஆனால் நூலகத்தை இதில் இழுப்பது வழிகாட்டிகளின் கைவண்ணம். இயேசு சபைக்கும் தோமினிக்கன் சபைக்கும் இருந்த போட்டி ஊரறிந்தது, அதனால் கதை நன்றாக ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

கல்லைப் பார்க்கவில்லையாம். பார்க்காமலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். சரி.

பிப்ரவரி 11

எப்படி வரைந்தார் என்று கேட்டவருக்கு.

முதலில் ஆளைப் பற்றி. பொஸ்ஸோ திரென்தோ ஊர்க்காரர், 1642-இல் பிறந்தவர், இயேசு சபையில் குருப்பட்டம் பெறாத பிரதர். ரோமுக்கு அவரை 1681-இல் வரவழைத்தார்கள். இந்தக் கோயிலில் அவர் செய்த வேலை இரண்டு, பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, கோயிலின் குறுக்குக்கூடமும் நடுக்கூடமும் சந்திக்கும் இடத்தில் தொங்கும் தட்டையான கேன்வாஸ். இதுதான் பொய்க் குவிமாடம். இன்னொன்று, நடுக்கூடத்தின் மேல் வளைவு முழுவதும் ஈரச்சுதையில் வரைந்த மாபெரும் ஓவியம், 1694-இல் முடிந்தது. கோயில் பெயர் சொன்னதும் எல்லோரும் பொய்க் குவிமாடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அசுர வேலை.

கேன்வாஸ் தட்டை. தட்டைப் பரப்பில் பெர்ஸ்பெக்டிவ் போடுவது, அதாவது ஆழமும் தூரமும் தெரிகிற மாதிரி வரைவது, கணக்குத் தெரிந்தவனுக்குப் பழகிய வேலை. நடுக்கூட மேற்கூரை அப்படி இல்லை, அரைவட்டமாக வளைந்தது. அதில் நேர்க்கோடு வரைந்தால் கீழிருந்து பார்க்க வளைந்து தெரியும், நேராகத் தெரிய வேண்டுமானால் வளைத்து வரைய வேண்டும். எவ்வளவு வளைப்பது? பொஸ்ஸோ பின்னால் எழுதிய பெர்ஸ்பெக்டிவ் நூலில் வழியைச் சொல்லியிருக்கிறார். வளைவு தொடங்கும் உயரத்தில் கூடத்தின் குறுக்கே நூல்களைக் கட்டங்கட்டமாக வலைபோல இழுத்துக் கட்டுவது. பார்ப்பவன் நிற்கப்போகும் புள்ளியில் இரவில் விளக்கை வைத்தால் நூல்களின் நிழல் வளைவில் விழும், அந்த நிழல்தான் கோடு. விளக்குக்கு எட்டாத தூரத்தில் அதே புள்ளியிலிருந்து நூல் பிடித்துக் குறிப்பது. பிறகு தாளில் உள்ள கட்டத்தை மேலே உள்ள கோணல் கட்டத்துக்கு மாற்றி வரைய வேண்டியதுதான். சொல்லும்போது எளிது. சாரத்தின் மேல் மல்லாந்து கொண்டு, தன் கண்ணுக்கு அசிங்கமாகக் கோணியிருக்கும் ஒரு தூண், கீழே நிற்பவன் கண்ணுக்கு நிமிர்ந்து நிற்கும் என்று கணக்கை மட்டும் நம்பி வரைந்துகொண்டே போவது எப்பேர்ப்பட்ட மனத்திடம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் போனபோது நடுக்கூட ஓவியத்துக்கென்று தனியாகப் பதித்த கல்லில் நின்று, நிஜச் சுவர் எங்கே முடிகிறது, வரைந்த சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். கழுத்து வலிதான் கிடைத்தது. ஜன்னல்கள் நிஜம், அவற்றைச் சுற்றி எழும் மேல்மாடித் தூண்கள் படம். நிஜ வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கு ஒத்தாற்போலவே வரைந்த தூண்களுக்கும் நிழல் கொடுத்திருக்கிறார். கல்லை விட்டு வாசல் பக்கம் நகர்ந்ததும் அத்தனை தூணும் என் மேல் சாய ஆரம்பித்தன. பக்கத்தில் ஒரு சிறுவன் இதைக் கண்டுபிடித்து முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தான். அம்மா அதட்டினார். பொஸ்ஸோ பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

பிப்ரவரி 12

"நடுக்கூட ஓவியத்தில் ஒட்டகத்தின் மேல் ஒரு பெண் இருக்கிறாளே, அது நாமா?" ஆமாம், அதுதான் ஆசியா. நடுவில் மேகத்தின் மேல் இஞ்ஞாசியார். மேலிருந்து வரும் ஒளி கிறிஸ்துவிடமிருந்து அவர் நெஞ்சில் பட்டு, அங்கிருந்து பிரிந்து நாலு மூலையில் உள்ள நாலு கண்டங்களுக்குப் போகிறது. ஐரோப்பாவுக்குக் குதிரை, ஆப்பிரிக்காவுக்கு முதலை, அமெரிக்காவுக்குத் தலையில் இறகு. "பூமியில் தீமூட்ட வந்தேன்" என்ற லூக்கா நற்செய்தி வசனமும் எழுதியிருக்கிறது. ஐரோப்பாக்காரிக்கு மட்டும் கையில் செங்கோல், உலக உருண்டை எல்லாம். யார் பணத்தில் யார் வரைந்தது என்பதை அங்கே மறைக்கவில்லை.

நமக்கும் இந்தக் கோயிலுக்கும் ஒட்டகத்தைவிட நெருங்கிய சம்பந்தம் ஒன்று இருக்கிறது. உள்ளே பதினைந்தாம் கிரகோரியின் கல்லறை இருக்கிறது, பிரெஞ்சுச் சிற்பி லெ குரோ செய்த பெரிய பளிங்கு வேலை. எல்லோரும் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1606-இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மேல், மதம் மாறியவர்களைப் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள விடுகிறார் என்று சொந்த சபைக்குள்ளேயே புகார் கிளம்பி, கோவா வழியாக ரோம் வரை போனது. 1623 ஜனவரியில் நோபிலிக்குச் சாதகமாக ஆணை கொடுத்தவர் இந்தக் கிரகோரிதான். நோபிலியின் உறவினரான கர்தினால் ராபர்ட் பெல்லார்மினின் உடலும் இதே கோயிலில்தான் இருக்கிறது, 1923-இல் இங்கே கொண்டுவந்தார்கள். மதுரைப் பஞ்சாயத்தில் சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ்!

இயேசு சபைப் புனிதர் ஞானப்பிரகாசியார் (அலோசியஸ் கொன்சாகா) பீடமும் இங்கேதான், வலப்பக்கக் குறுக்குக்கூடத்தில். ஊரில் அவர் பெயரில் கோயில் உள்ளவர்கள் போனால் தவறவிடாதீர்கள். பீடத்தின் வடிவமைப்பு பொஸ்ஸோ, சிற்பம் அதே லெ குரோ. முறுக்குத் தூண்கள் வேறு. பரோக் என்றால் என்ன என்று கேட்பவர்களை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த இந்த ஒரு பீடம் போதும்.

பிப்ரவரி 16

கட்டிடக் கலைஞர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஒராத்ஸியோ கிராஸ்ஸி. ரோமன் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், இயேசு சபைக் குரு. திட்டத்தில் வேறு பலர் கையும் உண்டு, ஆனால் கடைசியில் பொறுப்பு அவருடையது. சபையின் தலைமைக் கோயிலான ஜெசுவைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு பழகியதாகத் தெரியும்: தூண் வரிசை மறைக்காத ஒரே அகலமான நடுக்கூடம், இருபக்கமும் சிறு பீடங்கள், எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கம் கேட்க வேண்டும் என்பது நோக்கம். முகப்பு டிராவர்டைன் கல்லில் இரண்டு அடுக்கு. ஒழுங்கான முகப்பு, மயக்கும் முகப்பு என்று சொல்ல மாட்டேன்.

கிராஸ்ஸியை இன்று யாராவது நினைக்கிறார்கள் என்றால் கட்டிடத்துக்காக இல்லை, கலிலியோவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதற்காக. 1618-இல் வானில் வால்மீன்கள் தெரிந்தன. அவை நிலாவுக்கு அப்பால் உள்ள நிஜமான வான்பொருள்கள் என்று கிராஸ்ஸி சொன்னார். கலிலியோவோ, அவை ஒளி செய்யும் மாயத் தோற்றமாக இருக்கலாமே என்று வாதிட்டு, 1623-இல் கிராஸ்ஸியைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு புத்தகமே எழுதினார். புத்தகம் அருமை, நடை அபாரம், வால்மீன் விஷயத்தில் மட்டும் கிராஸ்ஸிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார். மாயத் தோற்றம் இல்லை, நிஜம் என்று அடித்துச் சொன்ன மனிதர் கட்டிய கோயிலின் தலையில் கடைசியில் உட்கார்ந்தது ஒரு மாயத் தோற்றம். 1654-இல் இறந்துவிட்டார், நல்லவேளை, இதைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17

"கட்டாத குவிமாடத்தால் யாருக்கு என்ன லாபம்?" என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் உண்டு. வானியலுக்கு லாபம்.

குவிமாடத்தைத் தாங்குவதற்காக நாலு பெருந்தூண்களை முன்பே எழுப்பிவிட்டார்கள். கல்லால் ஆன பெரிய குவிமாடத்தின் எடைக்குக் கணக்குப்போட்டு வைத்த தூண்கள். அவற்றின் தலையில் ஏறியது ஒரு துணி. 170 வருடம் அந்தத் தூண்கள் வேலையே இல்லாமல் நின்றன. 1850-களின் தொடக்கத்தில் கல்லூரியின் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்ற ஆஞ்செலோ செக்கி என்ற இயேசு சபைக் குரு இதைக் கவனித்தார். பெரிய தொலைநோக்கிக்கு முதல் தேவை ஆடாத அடித்தளம். கீழே தெருவில் வண்டி ஓடினால் மேலே விண்மீன் நடுங்கக் கூடாது. ரோம் நகரத்தின் நடுவில் அவ்வளவு உறுதியான அடித்தளம் வேறு எங்கே கிடைக்கும்? கோயில் கூரையில் அந்தத் தூண்களின் மேலேயே புது வானாய்வகத்தைக் கட்டிவிட்டார். மெர்ஸ் நிறுவனம் செய்த 24 செ.மீ. தொலைநோக்கி அங்கே ஏறியது.

அங்கே உட்கார்ந்துதான் செக்கி சுமார் 4000 விண்மீன்களின் நிறமாலையைப் பார்த்து, விண்மீன்களை நிறமாலைப்படி வகை பிரித்தார். இன்றைய வகைப்பாட்டுக்கு முன்னோடி அது. கோயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு வரைந்த வானம், அதற்கு மேலே கூரையில் ஒருவர் நிஜ வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குவிமாடம் கட்டியிருந்தால் ரோமில் இன்னொரு குவிமாடம் இருந்திருக்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் குவிமாடத்துக்கா பஞ்சம்?

பிப்ரவரி 17, இரவு

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பு ரோமில் ஒவ்வொரு கோயில் மணியும் தன் இஷ்டத்துக்கு மதியம் 12 அடித்துக்கொண்டிருந்தது. 1847 டிசம்பர் 1 முதல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் உத்தரவில் மதியத்துக்குப் பீரங்கி வெடிக்கத் தொடங்கினார்கள். பீரங்கி சாந்தாஞ்செலோ கோட்டையில், அதற்குச் சைகை இந்தக் கோயிலின் உச்சியிலிருந்து. கம்பத்தில் ஒரு பந்தை ஏற்றி, சரியாக நண்பகலில் கீழே விழவிடுவார்கள். அதைப் பார்த்துப் பீரங்கிக்காரர் திரி வைப்பார். பீரங்கி இப்போது ஜானிகோலோ குன்றில், இன்றும் தினமும் வெடிக்கிறது.

பிப்ரவரி 23

சில நாளாக ஒன்று உறுத்துகிறது. மேலே குவிமாடம் இல்லாததால் லாபம் என்று ஒரேயடியாகப் பேசியிருக்கிறேன். நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் பிடிக்கவில்லை.

குவிமாடத்தின் முக்கிய வேலை உயரமாக இருப்பது என்று நினைக்கிறோம். உள்ளே நிற்பவனுக்கு அதன் முக்கிய வேலை வெளிச்சம். அடிவளையத்தில் உள்ள ஜன்னல்கள், உச்சி மாடத்தின் திறப்பு, இவை வழியாக வெளிச்சம் நேரே பீடத்துக்கு முன்னால் விழும். அரையிருட்டான கூடத்தில் நடந்து வந்து திடீரென்று அந்த ஒளிக்குள் நுழைவதுதான் பரோக் கோயிலின் நாடகமே. இஞ்ஞாசியார் கோயிலில் அந்த இடத்துக்கு வந்தால் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. படத்தில் ஜன்னல் வரைந்திருக்கிறார், வரைந்த ஜன்னல் வழியாக வரைந்த வெயில் வருகிறது, தரையில் ஒரு சொட்டு விழவில்லை. போதாததற்குக் கேன்வாஸ் பின்னால் சேதப்பட்டுச் சீரமைக்கப்பட்டது, இன்று நன்றாகக் கறுத்தும் இருக்கிறது. அந்தக் கறுப்பு ஒருவகையில் மாயத்துக்குத் துணைபோகிறது, இருட்டில் எது ஆழம் எது தட்டை என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

இன்னொரு குறை: பொய்க் குவிமாடத்தை அவர் நடுக்கூடத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பவனுக்காக வரைந்திருக்கிறார், அதனால் அதன் உச்சி படத்தின் மையத்தில் இல்லை. அதன் நேர் கீழே போய் நின்றால் ஒரு பக்கம் சரிந்த கிண்ணம். பீடத்துப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் என்னவென்றே புரியாது. அதாவது திருப்பலி வைக்கும் குருவுக்கு அந்தக் குவிமாடம் கிடையாது, மக்களுக்கு மட்டும்தான். குறையா, நிறையா? முடிவுக்கு வர முடியவில்லை.

ஏமாற்று என்ற பேச்சை மட்டும் இப்போதும் ஏற்க மாட்டேன்.

மார்ச் 2

கண்ணாடி பற்றிக் கேட்கிறார்கள். ஆமாம், நடுக்கூடத்தில் சாய்த்துவைத்த கண்ணாடி ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்தால் மேற்கூரை தெரியும், கழுத்து பிழைக்கும். இப்போது அதில் தன் முகமும் மேற்கூரையும் சேர்ந்து விழும்படி படமெடுக்க நீண்ட வரிசை நிற்கிறது. நான் போனபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஓவியத்துக்கான கல் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஆளில்லாமல் கிடந்தது. புகார் சொல்லவில்லை, எனக்கு வசதியாகப் போயிற்று.

வெளியே வந்ததும் ஓடிவிடாதீர்கள். எதிரே உள்ள சின்னச் சதுக்கம் 1727–28-இல் பிலிப்போ ரகுத்ஸினி அமைத்தது. வளைந்த முகப்புள்ள வீடுகளுக்கு நடுவே சந்துகள் நாடக மேடையின் பக்கவாட்டுத் திரை போலத் திறக்கின்றன. கோயில் முகப்பில் இல்லாத விளையாட்டெல்லாம் அந்த வீடுகளில் இருக்கிறது.

மார்ச் 15

"பொய்க் குவிமாடத்தில் வரைந்த தூண்கள் எதன் மேல் நிற்கின்றன என்று பார்த்தேன், அடியில் தாங்கு கற்கள்தான் இருக்கின்றன, நிஜத்தில் இப்படிக் கட்டினால் விழுந்துவிடும்" என்று எழுதிய பொறியாளருக்கு: உங்களுக்கு முன்பே பொஸ்ஸோவின் காலத்துக் கட்டிடக் கலைஞர்கள் இதையே சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். சுவரிலிருந்து நீட்டிய தாங்கு கல்லின் மேல் பெருந்தூணை நிறுத்துவது முறையா என்று. பொஸ்ஸோ தன் நூலில் இதைச் சொல்லிவிட்டு, தன் ஓவிய நண்பர் ஒருவர் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார் என்கிறார்: தாங்கு கல் பாரம் தாங்காமல் தூண்கள் விழுந்தால், செலவு முழுவதும் அவர் தன் கைக்காசில் செய்து தருவாராம்.

அந்த நூல் 1693-இல் முதல் பாகம், 1700-இல் இரண்டாம் பாகம். 1707-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது, அங்கே கிறிஸ்தோபர் ரென் போன்ற பெரிய கட்டிடக் கலைஞர்களே பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். சீனாவில் 1729-இல் நியான் ஷியாவ் என்ற அதிகாரி பெர்ஸ்பெக்டிவ் பற்றி எழுதியதற்கும் இதுதான் மூலம், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அரண்மனை ஓவியராக இருந்த இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் கஸ்திலியோனே. கோயில் கட்டக் காசில்லாத ஊர்க்காரர்கள் எல்லாம் பொய்க் குவிமாடம் கேட்க ஆரம்பித்தார்கள். அரெத்ஸோவில் ஒன்று, வியன்னாவில் இயேசு சபைக் கோயிலில் 1703 வாக்கில் ஒன்று. பொஸ்ஸோ 1709-இல் வியன்னாவிலேயே இறந்துபோனார்.

வியன்னா நான் போனதில்லை. பார்த்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள். கல்லில் நின்று நேராக எடுத்த படம் வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது. பீடத்துப் பக்கம் நின்று, கோணலாகத் தெரிகிறபோது எடுத்தது வேண்டும்.